ஹ்மொங் மொழியும் எபிரேயமும்: ஒப்பீடு பற்றிய ஒரு திறனாய்வு

ஹ்மொங் மொழி தென் சீனாவிலும் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து நாடுகளின் மலைப்பகுதிகளிலும் பேசப்படும் ஒரு தொனி மொழி ஆகும். எபிரேயம் மேற்கு ஆசியாவில் தோன்றிய செமித்திய மொழி. இன்று இஸ்ரேலின் ஆட்சிமொழி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சிகள் இரு வகைப்படும். முதல் வகை, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று காட்ட முயல்வது. இரண்டாம் வகை, உறவு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, பொருளை உணர்த்த இரு மொழிகளும் எப்படி வேறு வேறு வழிகளைக் கையாளுகின்றன என்று காண்பது. முதல் வகை ஏன் நிலைக்கவில்லை, இரண்டாம் வகை ஏன் பயனுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இது வெறும் இலக்கண விவாதம் அன்று. தமக்கென நாடு இல்லாத, எழுத்து மிகப் பிந்தி வந்த ஒரு மக்களின் மொழிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இதற்குள் அடங்கியுள்ளது.

இரு மொழிகளின் பின்புலம்

ஹ்மொங், ஹ்மொங்-மியென் என்னும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் இம்மக்களையும் இவர்களோடு தொடர்புடைய பிற இனத்தவரையும் சேர்த்து 'மியாவ்' என்று அழைக்கின்றனர். வெள்ளை ஹ்மொங், பச்சை மொங் என்பன பரவலாக அறியப்பட்ட இரு கிளைமொழிகள். இவை இனத்தின் பெயரைச் சொல்வதிலேயே வேறுபடுகின்றன. வெள்ளை ஹ்மொங்கினர் மூச்சுக்காற்றை மூக்கு வழியே விட்டு 'ஹ்மொங்' என்பர். பச்சைப் பிரிவினர் 'மொங்' என்பர். 1975-இல் லாவோஸில் ஆட்சி மாறியபின் பெருந்தொகையான ஹ்மொங் மக்கள் தாய்லாந்தின் அகதி முகாம்களுக்குச் சென்றனர். அங்கிருந்து அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பிரெஞ்சு கயானா ஆகிய இடங்களில் குடியேறினர். அமெரிக்காவில் மின்னசோட்டா, விஸ்கான்சின், கலிபோர்னியா மாநிலங்களில் மிகுதியாக வாழ்கின்றனர்.

எபிரேயம் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் செமித்தியக் கிளையைச் சேர்ந்தது. அரபு, அரமேயம், பினீசியம் ஆகியவை அதன் உறவுகள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவில் அது வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் வழிபாடு, கல்வி, கடிதம், கவிதை ஆகியவற்றில் தொடர்ந்து வாழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பேச்சு மொழியாக்கப்பட்டது.

ஒப்புமை எண்ணம் எங்கிருந்து வந்தது

தென் சீனாவுக்கும் இந்தோசீனாவுக்கும் சென்ற ஐரோப்பிய மதபோதகர்கள் தாம் சந்தித்த மலைவாழ் மக்களின் கதைகளில் விவிலியத்தின் சாயலைத் தேடினர். பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் சவீனா இவர்களில் முக்கியமானவர். ஹ்மொங் மொழியைக் கற்று 1916-இல் அகராதி வெளியிட்டவர். 1924-இல் ஹாங்காங்கில் வெளிவந்த 'மியாவ் வரலாறு' என்னும் நூலில், இம்மக்களிடம் வழங்கும் படைப்பு, பெருவெள்ளக் கதைகளை விவிலியத்தோடு இணைத்து, அவர்களின் மூலத்தைச் சீனாவுக்கு வெகு மேற்கே தேடினார். இதே போக்கில், சிச்சுவானில் பணியாற்றிய தாமஸ் டோரன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மதபோதகர், சியாங் என்னும் வேறொரு மலைவாழ் மக்கள் பண்டைய இஸ்ரவேலரின் வழிவந்தவர்கள் என்று 1937-இல் ஒரு நூலே எழுதினார்.

சவீனாவின் மொழிப்பணி மதிக்கத்தக்கது. அவர் கதைகளைப் படித்த முறையில்தான் குறை உள்ளது. ஹ்மொங் வெள்ளக் கதையை முழுவதும் கேட்டால் இது விளங்கும். அதில் பேழை இல்லை. ஒரு மர முரசு இருக்கிறது. தப்பிப்பவர் நோவாவின் குடும்பம் போன்ற ஒரு குடும்பம் அல்ல. ஓர் அண்ணனும் தங்கையும். மனித இனம் அழியாதிருக்க அவர்கள் மணந்துகொள்ள வேண்டியதாகிறது. பிறப்பது குழந்தை அன்று, உருவமற்ற ஒரு சதைப்பிண்டம். அதைத் துண்டுகளாக வெட்டி எறிய, ஒவ்வொரு துண்டும் ஒரு குலமாகிறது. உடன்பிறந்தோர் மணமும் குலங்களின் தோற்றமும்தான் இக்கதையின் உயிர். தென் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அண்டை இனத்தவர் பலரிடம் இக்கதைக்கு உறவுக்கதைகள் உள்ளன. வெள்ளம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால்தான் அது நோவாவின் கதையாகத் தெரியும்.

இந்தியாவிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. மிசோரம், மணிப்பூரில் வாழும் குக்கி, மிசோ மக்களில் ஒரு பகுதியினர், தம் மரபுப் பாடல்களில் வரும் 'மன்மாசி' என்ற மூதாதையின் பெயரை விவிலியத்தின் மனாசேயோடு இணைத்து, தம்மை மனாசே கோத்திரத்தார் என்று கருதுகின்றனர். 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஒருவர் அதை ஏற்றார். பலர் அங்கே குடியேறினர். அது சமய அடிப்படையில் எடுக்கப்பட்ட முடிவு. அவர்கள் பேசும் மொழிகள் திபெத்திய-பர்மியக் கிளையைச் சேர்ந்தவை என்பது அதனால் மாறவில்லை. ஒரு மக்கள் தம்மை யார் என்று கருதுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. அவர்கள் மொழி எதிலிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கலப்பதால்தான் குழப்பம் பிறக்கிறது.

சொற்பட்டியல்: ஒரு சோதனை

பள்ளியில் மொழிப்பாடம் எடுத்த காலத்தில் மாணவர்கள் ஒலி ஒத்த சொற்களின் பட்டியலோடு வருவதுண்டு. ஆங்கிலத்தின் 'மேங்கோ' நம் மாங்காயிலிருந்து சென்றது என்பார்கள், அது சரி. அடுத்த பத்துச் சொற்கள் தற்செயலாக ஒத்திருக்கும். பட்டியல் தயாரிப்பது எளிது, அதைச் சோதிப்பதுதான் கடினம் என்பதைக் காட்ட, ஹ்மொங், எபிரேயம் இரண்டுக்கும் அத்தகைய பட்டியல் ஒன்றை இங்கே வேண்டுமென்றே உருவாக்குவோம். ஹ்மொங் சொற்கள் இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் வடிவத்திலிருந்து எடுக்கப்படுகின்றன.

1. ஹ்மொங்கில் நாய்க்குரிய சொல் டி, ஈ, வி என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்படுகிறது. எபிரேயத்தில் கரடி 'டோவ்'. இரண்டும் விலங்கு; இரண்டிலும் 'ட', 'வ்' ஒலிகள்.

2. ஹ்மொங்கில் மண், நிலம் என்ற பொருளுடைய சொல் ஏ, வி என்று எழுதப்படுகிறது. எபிரேயத்தில் தந்தை 'ஆவ்'. தந்தையர் நாடு என்று விளக்கம் சொல்லிவிடலாம்.

3. ஹ்மொங்கில் தாய்க்குரிய சொல் என், ஐ, ஏ, எம் என்று எழுதப்படுகிறது. எபிரேயத்தில் தாய் 'ஏம்'. இரண்டும் 'ம்' என்று முடிகின்றன.

பார்வைக்கு வலுவான சான்றுகள். ஆனால் மூன்றுமே பிழை. ஹ்மொங் மொழிக்குரிய இலத்தீன் எழுத்துமுறையில் சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்து உச்சரிக்கப்படுவதில்லை. அது தொனியைக் காட்டும் குறி. கடைசி 'வி', நடுவில் தொடங்கி மேலேறும் தொனியைக் குறிக்கிறது. கடைசி 'எம்', தாழ்ந்து தொண்டையில் சட்டென்று நின்றுபோகும் தொனியைக் குறிக்கிறது. ஆக, நாய் ஏறுதொனியில் சொல்லப்படும் 'டெ', மண் ஏறுதொனியில் 'அ', தாய் 'நியா'. 'வ்' ஒலியும் 'ம்' ஒலியும் அந்தச் சொற்களின் இறுதியில் இல்லவே இல்லை. நாம் ஒப்பிட்டது மொழியை அன்று. 1950-களில் சிலர் வகுத்த எழுத்துக்கூட்டலை.

எபிரேயப் பக்கமும் நிலைக்கவில்லை. 'டோவ்', 'ஆவ்' இரண்டிலும் உள்ள 'வ்' முற்காலத்தில் 'ப்' ஆக இருந்தது. அரபில் கரடி 'துப்', தந்தை 'அப்'. தமிழக முஸ்லிம்களின் பெயர்களில் வரும் 'அபு' இந்த 'அப்' தான். ஹ்மொங்கின் 'வ்' எழுத்தில் மட்டும் உள்ளது. எபிரேயத்தின் 'வ்' பின்னால் வந்தது. இரண்டு பொய்த்தோற்றங்கள் சந்தித்துக்கொண்டதே இந்த ஒப்புமை.

ஒலி உண்மையாகவே ஒத்திருந்தாலும் அது மட்டும் போதாது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர்; ஆங்கிலத்திற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஹ்மொங் போன்ற மொழியில் இந்த அபாயம் இன்னும் அதிகம். அதன் சொற்கள் பெரும்பாலும் ஓரசை உடையவை. ஓர் அசைக்குள் அடங்கும் சொல், வேறொரு மொழியின் ஏதோ ஒரு சொல்லின் ஒரு பகுதியோடு ஒத்துப்போவது எளிது. நாயைக் கரடியாகவும் மண்ணைத் தந்தையாகவும் ஆக்கும் சலுகையும் கொடுத்துவிட்டால் எந்த இரு மொழிகளுக்கும் உறவு கண்டுபிடித்துவிடலாம்.

உறவை நிறுவும் முறை

மொழியியலார் ஒலி ஒற்றுமையைத் தேடுவதில்லை. ஒலிகளின் ஒழுங்கான எதிரிணையைத் தேடுகின்றனர். எபிரேயத்தின் 'ஷாலோம்' அரபில் 'சலாம்'. 'லாஷோன்' (நாக்கு) அரபில் 'லிசான்'. 'ஷெமெஷ்' (சூரியன்) அரபில் 'ஷம்ஸ்'. ஒரு சொல்லில் கண்ட மாற்றம் அடுத்தடுத்த சொற்களிலும் விதிபோல் திரும்ப வருகிறது. விலகல் இருந்தால் அதற்கும் காரணம் சொல்ல முடிகிறது. எண்ணுப்பெயர்கள், உடலுறுப்புகள், வினைத்திரிபுகள் எல்லாவற்றிலும் இந்த ஒழுங்கு தொடர்வதால்தான் அவை உறவு மொழிகள்.

ஹ்மொங்குக்கு இப்படிப்பட்ட உறவு எது? யாவ் இனத்தவர் பேசும் மியென் மொழி. ஐந்து என்பது வெள்ளை ஹ்மொங்கில் நாவை மடித்துச் சொல்லும் 'ட்சி', மியெனில் 'ப்யா'. வீடு என்பது ஹ்மொங்கில் 'ட்செ', மியெனில் 'ப்யாவ்'. காதுக்குச் சற்றும் ஒத்துவராத இணைகள் இவை. ஆனால் ஹ்மொங்கில் 'ட்ச' வரும் இடத்தில் மியெனில் 'ப்ய' வருகிறது; இரண்டும் மூலமொழியில் 'ப்ர' என்ற கூட்டொலியாக இருந்தன என்று மீட்டுருவாக்கம் செய்கின்றனர். தொனிகளும் இணையாக அமைகின்றன. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்றும் ஹ்மொங்கில் ஒரே உயர்தொனி பெறுகின்றன. மியெனிலும் அம்மூன்றும் தமக்குள் ஒரே தொனி பெறுகின்றன. தற்செயலில் இத்தகைய ஒழுங்கு அமையாது.

ஒத்திருக்கும் 'டெ'யும் 'டோவ்'வும் உறவல்ல. ஒத்திராத 'ட்செ'யும் 'ப்யாவ்'வும் உறவு. காதை நம்பி உறவு கணிப்பவர் தவறுவது இங்கேதான்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஹ்மொங்-மியென் மொழிகளில் சீனத்திலிருந்து வந்த சொற்கள் ஏராளம். சீன அறிஞர் பலர் இக்குடும்பத்தைச் சீன-திபெத்தியத்தோடு சேர்க்கின்றனர். ஆயினும் பிற நாட்டு மொழியியலாரில் பெரும்பாலோர், அச்சொற்கள் கடன் என்றும் குடும்பம் தனியானது என்றும் கொள்கின்றனர். பல நூற்றாண்டுகள் பக்கத்திலேயே இருந்து, திரளாகச் சொற்களைப் பகிர்ந்த சீனத்தோடுகூட உறவு எளிதில் ஏற்கப்படவில்லை. அப்படியிருக்க, எங்கோ தொலைவில் உள்ள எபிரேயத்தோடு கையளவு சொற்களை வைத்து உறவு கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்?

கடனுக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தமிழரிடமே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. விவிலியத்தின் முதலாம் இராஜாக்கள் நூலில், சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் 'துக்கியிம்' குறிப்பிடப்படுகிறது. மயில்கள் என்று பொருள் கொள்ளப்படும் இச்சொல்லை, தமிழின் 'தோகை'யோடு கால்டுவெல் உள்ளிட்டோர் இணைத்தனர். அதை ஏற்றாலும் அது வணிகத்தோடு சென்ற ஒரு சொல். அதைக் கொண்டு தமிழும் எபிரேயமும் ஒரு தாய் மக்கள் என்று சொல்ல முடியாது. அதேபோல் இன்று ஹ்மொங் கிறித்தவர்களிடம் 'ஆமென்', 'அல்லேலூயா' போன்ற எபிரேயச் சொற்கள் வழங்குகின்றன. அவை மதமாற்றத்தின் வழி வந்த விருந்தினர்கள்.

பொருளைத் தாங்கும் தூண்: மெய்யும் தொனியும்

உறவு இல்லை என்று தெளிந்த பிறகுதான் ஒப்பீடு சுவைக்கிறது. எபிரேயத்தில் பொருளின் அச்சாணி மெய்யெழுத்துகள். பெரும்பாலான வேர்கள் மூன்று மெய்களால் ஆனவை. க-த-ப என்ற வேரை எடுத்துக்கொள்வோம். இடையில் உள்ள உயிர்களை மாற்றி 'கதாவ்' என்றால் எழுதினான். 'கோதேவ்' என்றால் எழுதுகிறான். 'மிக்தாவ்' என்றால் கடிதம். 'க்தாவ்' என்றால் எழுத்து. மெய்கள் எலும்புக்கூடுபோல் நிலைத்திருக்க, உயிர்கள் அதன்மேல் மாறிமாறிப் போர்த்தப்படுகின்றன.

ஹ்மொங்கில் நிலை தலைகீழ். சொல் மாறுவதே இல்லை. வேற்றுமை உருபு இல்லை, காலம் காட்டும் இடைநிலை இல்லை, ஆண்பால் பெண்பால் விகுதி இல்லை. சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்கள் ஏராளம். சொல்லின் இறுதியில் 'ங்' தவிர வேறு மெய் வருவதில்லை. அந்த இறுதி இடத்தின் வேலையைத் தொனி செய்கிறது. வெள்ளை ஹ்மொங்கில் ஏழு தொனிகள் உள்ளன. குறிப்பிட்ட சூழலில் மட்டும் வரும் ஒன்றையும் சேர்த்து எட்டு என்பாரும் உண்டு. 'பொ' என்ற ஓரசையை ஏழு தொனிகளிலும் சொன்னால் ஏழு சொற்கள் கிடைக்கும்:

- உயர்ந்த சமதொனியில்: பந்து
- உயர்ந்து விழும் தொனியில்: பெண்
- நடுவிலிருந்து ஏறும் தொனியில்: எறிதல்
- நடுத்தொனியில்: மண்ணீரல்
- தாழ்தொனியில்: முள்
- மூச்சு கலந்து இறங்கும் தொனியில்: அப்பாவின் தாய்
- தாழ்ந்து தொண்டையில் நிற்கும் தொனியில்: பார்த்தல்

தமிழில் குரலை ஏற்றினால் வியப்போ கேள்வியோ தோன்றும், சொல் மாறாது. ஹ்மொங்கில் சொல்லே மாறிவிடும்.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை ஒரு செய்தி காட்டும். ஹ்மொங் மக்களிடம் 'கேங்' என்ற மூங்கில் குழல்கள் பொருத்திய ஊதுகருவி உண்டு. இறப்புச் சடங்கில் அது இசைக்காக மட்டும் ஊதப்படுவதில்லை, அது பேசுகிறது. சடங்குப் பாடலின் சொற்களுக்குரிய தொனிகளைச் சுரங்களாக மாற்றிக் கலைஞர் ஊதுவார். இறந்தவரின் ஆவிக்குச் சொல்லவேண்டியவை எல்லாம் அவ்வழியே சொல்லப்படும். பயிற்சி பெற்றவர் அதைச் சொற்களாகவே கேட்பார். நம் மோர்சிங் போன்ற ஒரு சிறு கருவியாலும் காதலர்கள் இவ்வாறே பேசிக்கொண்டனர். மெய்யும் உயிரும் போய்த் தொனி மட்டும் மிஞ்சினாலும் ஹ்மொங் தன் பொருளை ஓரளவு காத்துக்கொள்கிறது. எபிரேயத்திலோ உயிர்கள் போய் மெய்கள் மட்டும் மிஞ்சினாலும் படித்துவிட முடிகிறது. இஸ்ரேலின் நாளிதழ்கள் இன்றும் உயிர்க்குறிகள் இல்லாமலே அச்சாகின்றன. இரு மொழிகளுக்குமான மிகச் சிறந்த ஒப்பீடு இதுவே என்று சொல்லலாம்.

மூன்று வீடுகள், எங்கள் வீடு

தொடரமைப்பிலும் இதே வேறுபாடு தெரியும். எபிரேயத்தில் வீடு 'பாயித்'. மூன்று வீடுகள் என்றால் 'ஷ்லோஷா பத்தீம்'. எங்கள் வீடு என்றால் 'பெய்தேனு'. பன்மைக்கும் உடைமைக்கும் சொல்லே உருமாறுகிறது. வீடு ஆண்பால் என்பதால் எண்ணுப்பெயரும் அதற்கேற்ற வடிவம் பெறுகிறது.

ஹ்மொங்கில் எங்கள் வீடு 'பெ லு ட்செ'. மூன்று வீடுகள் என்பதும் 'பெ லு ட்செ' தான். 'பெ' என்பதற்கு மூன்று என்றும், மூவரோ அதற்கு மேற்பட்டோரோ அடங்கிய 'நாங்கள்' என்றும் பொருள் உண்டு. எது என்பதைச் சூழல் சொல்லும். இடையில் வரும் 'லு' ஒரு வகைப்பாட்டுச் சொல். உருண்டையான, பருமனான பொருள்களுக்கு உரியது. தட்டையானவற்றுக்கு ஒன்று, பிடியுள்ள கருவிகளுக்கு ஒன்று, உயிருள்ளவற்றுக்கு ஒன்று என இவை பல. நாம் 'ஒரு முழம் பூ', 'ஒரு சீப்புப் பழம்' என்கிறோமே, அதைப்போன்ற ஒரு சொல், எண்ணும்போது எல்லாப் பெயர்களுக்கும் கட்டாயம் என்று எண்ணிக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

திரிபு இல்லாத மொழியை 'எளிய மொழி', 'வளராத மொழி' என்று கருதியவர்கள் உண்டு. அது பிழை. எபிரேயம் சொல்லுக்குள் வைக்கும் நுட்பத்தை ஹ்மொங் சொற்களுக்கிடையில் வைக்கிறது.

எழுத்துகள்

எபிரேயத்துக்கு 22 எழுத்துகள்; அனைத்தும் மெய்கள்; வலமிருந்து இடமாக எழுதப்படும். உயிர்க்குறிப் புள்ளிகள் கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் மரபுவழி வாசிப்பைக் காக்கச் சேர்க்கப்பட்டன. இன்றைய சதுர எழுத்துகூட எபிரேயத்தின் சொந்தப் படைப்பு அன்று, அரமேயத்திலிருந்து வந்தது.

ஹ்மொங்கின் எழுத்து வரலாறு மிக இளையது. தமக்கும் ஒரு காலத்தில் நூல் இருந்ததென்றும், துரத்தப்பட்டு ஓடியபோது ஆற்றில் போயிற்று அல்லது குதிரை தின்றுவிட்டது என்றும் அவர்களிடம் கதைகள் உள்ளன. 20-ஆம் நூற்றாண்டில் நூல் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வந்தது. ஹ்மொங்கோடு நெருங்கிய உறவுடைய அஹ்மாவ் மொழிக்கு சாமுவேல் பொலார்டு 1905-ஐ ஒட்டி உருவாக்கிய முறையில், உயிர்க்குறி எந்த உயரத்தில் எழுதப்படுகிறது என்பதே தொனியைக் காட்டும். லாவோஸில் 1951-53 காலத்தில் பார்னி, ஸ்மாலி என்ற இரு அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளும் பெர்த்ரே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியாரும், ஹ்மொங் மக்களின் துணையோடு, மேலே கண்ட இலத்தீன் முறையை வகுத்தனர். சாதாரண தட்டச்சுப் பொறியில் அடிக்க முடிவது அதன் பெரிய வசதி.

1959-இல் ஷொங் லூ யாங் என்ற எழுதப் படிக்கத் தெரியாத உழவர் 'பஹவ்' என்ற எழுத்தை உருவாக்கினார். அது தமக்கு இறைவழி வந்தது என்றார். இதில் அசையின் உயிர்ப்பகுதி முதலிலும் மெய் பின்னும் எழுதப்படும். படிக்கும்போது மெய் முன்னால் வரும். மெய்யை முதன்மையாக்கிய எபிரேயத்துக்கு நேர் எதிராக, உயிரையும் தொனியையும் முதன்மையாக்கிய எழுத்து இது. வெளியாரிடம் பாடம் கேட்காத ஒருவர் தம் மொழியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை உணர்ந்து செய்த அமைப்பு என்பதால் அறிஞர்கள் இதை வியக்கின்றனர். தம் எழுத்தைப் பலமுறை செம்மைப்படுத்திய அவர், 1971-இல் கொல்லப்பட்டார்.

எபிரேயத்தோடு உண்மையான தொடுபுள்ளி ஒன்று இங்கே வருகிறது. 1980-களில் அமெரிக்காவில் ஹ்மொங் கிறித்தவப் போதகர் ஒருவர் உருவாக்கிய 'ஞாக்கெங் புவாசூ' எழுத்து, அமைப்பில் லாவோ எழுத்தையும் தோற்றத்தில் எபிரேய எழுத்தையும் நினைவூட்டுவதாக விவரிக்கப்படுகிறது. அது 2019-இல் ஒருங்குறியில் சேர்ந்தது. பஹவ் 2014-இலேயே சேர்ந்துவிட்டது. இந்தச் சாயலைக் காட்டி மொழி உறவு பேசுவது பெரும்பிழை. யூதர்கள் பேசிய யித்திஷ் எபிரேய எழுத்தில் எழுதப்பட்டாலும் செர்மானிய மொழியே. அரபு எழுத்தில் எழுதப்பட்ட அரபுத்தமிழ் தமிழ்தான். எழுத்து என்பது சட்டை, மாற்றிக்கொள்ளலாம்.

நூலும் தாய்மடியும்

சிதறிய மக்கள் என்ற ஒப்புமை இரு இனங்களுக்கும் பொருந்தும். ஆனால் மொழி நிலை எதிரெதிரானது. எபிரேயத்துக்கு நூல்கள் இருந்தன. அதைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஹ்மொங்குக்குக் குழந்தைகள் இருந்தனர், நூல் இல்லை.

எலியேசர் பென்-யெஹூதா 1881-இல் பாலஸ்தீனத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு பிறந்த மகனை எபிரேயம் மட்டுமே கேட்டு வளரச் செய்தார். இக்கதையே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு வீட்டால் ஒரு மொழி மீளாது. 1886-இல் ரிஷோன் லெசியோனில் எபிரேய வழிப் பள்ளி தொடங்கியது. 1903-இல் எபிரேய ஆசிரியர் சங்கம் உருவானது. பாடநூலும் கலைச்சொல்லும் இல்லாத நிலையில், தமக்கே சரளமாக வராத மொழியில் கணக்கும் அறிவியலும் நடத்திய ஆசிரியர்களே அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். 1922-இல் பிரித்தானிய ஆட்சியில் அது ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. இதற்கு விலையும் இருந்தது. யித்திஷ், லதீனோ, யூத அரபு போன்ற வீட்டுமொழிகள் ஒதுக்கப்பட்டன.

ஹ்மொங் மக்களுக்கு அரசு இல்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஹ்மொங் கற்பிக்கும் பள்ளிகள் இயங்குகின்றன. இறந்தவரின் ஆவியை, அவர் வாழ்ந்த ஊர்களையெல்லாம் பின்னோக்கிக் கடந்து பிறந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும் 'வழிகாட்டும் பாடல்' ஹ்மொங் சடங்குகளின் மையம். அதைப் பாடத் தெரிந்தவர் போய், கேட்டுப் புரிந்துகொள்ளும் பேரப்பிள்ளையும் இல்லையென்றால், ஒரு நூலகம் எரிந்ததற்கு ஈடான இழப்பு அது. எபிரேயத்திடமிருந்து ஹ்மொங் கற்கக்கூடியது வம்சாவளி அன்று, இந்த வகுப்பறை அனுபவமே.

மதிப்பீடு

ஹ்மொங்கை எபிரேயத்தோடு உறவாக்க விரும்புவோர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்கின்றனர். ஏழை மலைவாழ் மக்களின் மொழிக்கு ஒரு புனித மொழியின் வழித்தோன்றல் என்ற பட்டம் கிடைத்தால் பெருமைதானே என்று எண்ணுகின்றனர். ஆனால் அந்தப் பட்டத்துக்குள் ஓர் இழிவு மறைந்திருக்கிறது. தன்னளவில் அம்மொழிக்கு மதிப்பு இல்லை, வேறொன்றின் பிள்ளை என்றால்தான் மதிப்பு என்று அது சொல்லாமல் சொல்கிறது. முரசும் உடன்பிறந்தோரும் வரும் அவர்களுடைய வெள்ளக் கதையை நோவா கதையின் சிதைந்த படியாக்குவதும், குழலால் பேசும் அவர்களுடைய தொனியைக் கவனிக்காமல் எழுத்துக்கூட்டலில் 'வ்' தேடுவதும் அதே மனநிலையின் விளைவுகள்.

தம் மொழியை உலகின் எல்லா மொழிகளுக்கும் தாயாகக் காட்ட ஒலி ஒப்புமைப் பட்டியல்கள் இடும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கும் இந்தச் சோதனை ஒரு பாடம். பட்டியலின் ஒவ்வொரு சொல்லையும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது ஒலியா, எழுத்துக்கூட்டலா? இதன் பழைய வடிவம் என்ன? இதே மாற்றம் வேறு சொற்களிலும் ஒழுங்காக வருகிறதா? இம்மூன்றுக்கும் விடை தராத பட்டியலை, எவ்வளவு நீளமாக இருந்தாலும், சான்றாகக் கொள்ள இயலாது.

ஹ்மொங்கும் எபிரேயமும் உறவினர் அல்லர். மெய்யால் பொருளைக் கட்டிய ஒன்றும் தொனியால் பொருளைக் கட்டிய மற்றொன்றும், மனிதப் பேச்சு எவ்வளவு வேறுபட்ட வழிகளில் இயங்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. அந்த வேறுபாட்டை உள்ளபடி எடுத்துரைப்பதே இரு மொழிகளுக்கும் செய்யும் நேர்மையான மரியாதை.